பழைய காரின் எஞ்சின்: ஸ்பேனரை நாமே எடுப்பதா, மெக்கானிக்கை அழைப்பதா?

திருத்தணி மலைக்கு நீங்கள் போயிருக்கலாம். அடிவாரத்திலிருந்து கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று சொல்வார்கள். படியேற முடியாதவர்களுக்கு வளைந்து வளைந்து மேலே செல்லும் சாலை ஒன்றும் உண்டு. உங்கள் பாட்டிக்கு முழங்கால் வலி என்று வைத்துக்கொள்வோம். அவருக்காகவே உங்கள் பெரியப்பா ஒரு பழைய அம்பாஸடர் காரை வாங்கி வந்திருக்கிறார். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் தொடங்குமுன் ஒரு நாள் பாட்டியை மலைக்கு அழைத்துப் போக வேண்டும்.

ஒத்திகை பார்ப்போம் என்று பெரியப்பா உங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். சமதளத்தில் கார் சீராக ஓடுகிறது. மலைச் சாலையில் பாதி ஏறியதும் வெப்பம் காட்டும் முள் உச்சியை நோக்கி நகர்கிறது. பானெட்டின் ஓரத்திலிருந்து வெள்ளை ஆவி கிளம்புகிறது. பெரியப்பா காரை ஓரமாக நிறுத்துகிறார், பானெட்டைத் தூக்குகிறார், தோளில் கிடந்த துண்டை நனைத்துச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போகிறார்.

உடனே அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

"எது நாமே செய்யும் வேலை, எது தேர்ந்தவர் செய்யும் வேலை?" என்ற கேள்விக்கு முதல் பாடம் இந்த மூடியிலேயே இருக்கிறது. சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது நம் வேலையும் அல்ல, மெக்கானிக்கின் வேலையும் அல்ல. அது யாருமே செய்யக் கூடாத வேலை. ஏன்?

மூடிக்குள் அடைபட்ட ஆற்றல்

நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று படித்திருக்கிறீர்கள். அது சாதாரண வளிமண்டல அழுத்தத்தில்தான். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கரில் பருப்பு விரைவில் வேவது இதனால்தான். ரேடியேட்டர் மூடியில் சுருள்வில் பொருத்திய ஒரு வால்வு இருக்கிறது. அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. இக்காலக் கார்கள் பலவற்றில் நீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். பழைய கார்களில் இந்த அளவு சற்றுக் குறைவு.

நம் காரில் 8 லிட்டர் நீர் 110 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் விழுந்துவிடும். கொதிநிலை 100-க்கு இறங்கிவிடும். அதிகப்படியாக இருந்த 10 டிகிரி வெப்பம் எங்கே போகும்? நீரில் ஒரு பகுதியை ஒரே நொடியில் ஆவியாக்கும். ஒரு கிராம் நீரை 1 டிகிரி சூடாக்க 4.2 ஜூல் வேண்டும். ஒரு கிராம் நீரை ஆவியாக்க சுமார் 2,260 ஜூல் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் நீர் ஆவியாகும். ஒரு டம்ளர் நீர்தானே என்று எண்ணாதீர்கள். நீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு பருக்கிறது. ஆகவே 250 லிட்டர் நீராவி, மீதிக் கொதிநீரையும் வாரிக்கொண்டு, அந்தச் சிறு வாய் வழியாக முகத்தை நோக்கி வரும். நனைந்த துண்டு இதைத் தடுக்குமா?

அரை மணி, ஒரு மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். மேல்குழாயைத் தொட்டால் கை சுடாத நிலை வந்த பிறகே மூடியைத் தொடலாம். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டவும் கூடாது. திடீரெனச் சுருங்கும் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடலாம்.

மலை ஏற்றத்தில் மட்டும் ஏன் சூடு?

சமதளத்தில் ஒழுங்காக ஓடிய கார் மலையில் மட்டும் ஏன் கொதித்தது? இதையும் கணக்கால் அறியலாம். காரும் ஆட்களும் சேர்ந்து 1,400 கிலோ. 100 மீட்டர் உயரம் ஏறுவதாக எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். அதற்கு வேண்டிய ஆற்றல் 1,400 × 10 × 100 = 14 லட்சம் ஜூல். பெட்ரோல் எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. எனவே 56 லட்சம் ஜூல் தரும் பெட்ரோலை எரிக்க வேண்டும். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 19 லட்சம் ஜூல், குளிர்விக்கும் நீருக்குள் போய்ச் சேர்கிறது. 8 லிட்டர் நீரை 1 டிகிரி சூடாக்க 33,600 ஜூல் போதும். வகுத்துப் பாருங்கள்: 56 டிகிரி! ரேடியேட்டர் அந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால், ஓர் ஏற்றமே நீரைக் கொதிநிலைக்குக் கொண்டு போய்விடும். எஞ்சினின் இரும்பு கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்றாலும் நிலைமை பெரிதாக மாறாது.

சமதளத்தில் காருக்கு வேகம் உண்டு. எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். மலையில் வேகம் குறைவு, உழைப்பு அதிகம். அப்போது முழுப் பொறுப்பும் மின்விசிறி போன்ற அந்த ஃபேனின் மேல் விழுகிறது. ஃபேனைச் சுற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். நோய்க்குறி எப்போது தோன்றுகிறது என்பதைக் கவனித்தாலே நோய் எங்கே இருக்கும் என்று ஊகிக்கலாம் அல்லவா?

முதலில் நோயை அறியுங்கள்

பழுது பார்ப்பதில் பெரிய செலவு, தவறான இடத்தைப் பழுது பார்ப்பதுதான். சுருளியை மாற்றி, கார்புரேட்டரை மாற்றி, பிளக்கை மாற்றி, கடைசியில் கழன்ற ஒயர்தான் காரணம் என்று கண்டவர்கள் பலர். கண்டறிவதற்குப் பெரும்பாலும் பணம் தேவையில்லை. கண்ணும் காதும் மூக்கும் போதும்.

புகைக் குழாயைப் பாருங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது; பிஸ்டன் வளையங்களோ வால்வு வழிகாட்டிகளோ தேய்ந்திருக்கலாம். கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகவோ காற்றுக் குறைவாகவோ போகிறது. காற்று வடிகட்டியில் அடைப்பு இருக்கலாம். எஞ்சின் சூடேறிய பின்னும் நிற்காமல் வெள்ளைப் புகை வந்தால், சிலிண்டருக்குள் நீர் கசிகிறதோ என்று ஐயப்பட வேண்டும். காலையில் சிறிது நேரம் மட்டும் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவிதான். அதற்கு அஞ்ச வேண்டாம்.

எண்ணெய்க் கோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பி போல் வெளுத்திருந்தால், நீர் உள்ளே புகுந்திருக்கிறது.

அதன் பிறகு சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கலாம். நான்கு வீச்சு எஞ்சினில் உறிஞ்சல், அமுக்கம், ஆற்றல், வெளியேற்றம் என நான்கு வேலைகள் மாறி மாறி நடக்கின்றன. 1876-இல் நிக்கோலஸ் ஆட்டோ என்ற ஜெர்மானியர் உருவாக்கிய எஞ்சின் இந்த முறையில்தான் ஓடியது. அமுக்க வீச்சில் காற்று நன்றாக அமுங்கினால்தான் வெடிப்பில் வலு இருக்கும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, தீப்பொறிக்கான மின் இணைப்பையும் துண்டித்து, பிளக் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சில சுற்றுகள் சுற்றிப் படிப்பார்கள். இதைச் செய்யும் மெக்கானிக்கிடம் நான்கு எண்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் எண்ணெய் இடைவெளியை அடைத்திருக்கிறது. ஆகவே வளையம் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வின்மேல் ஐயம். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் மட்டும் குறைந்தால், அவற்றுக்கு நடுவே உள்ள ஹெட் கேஸ்கட் பிய்ந்திருக்கக் கூடும். எவ்வளவு அழகான தர்க்கம் பாருங்கள்! ஒரு போல்ட்டைக்கூடப் பிரிக்காமல் எஞ்சினின் வயிற்றுக்குள் இருப்பதை அறிந்துவிடுகிறோம்.

கொண்டை ஊசியும் கொல்லரும்

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கரக் காரில், இரு மகன்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியில் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். தொலைவு 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; சென்னையிலிருந்து திருத்தணிக்கு உள்ள தொலைவைவிடக் கொஞ்சம் கூடுதல். உலகில் அதுவரை யாரும் காரில் அவ்வளவு தூரம் சென்றதில்லை. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் தாமே அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது, தம் காலுறைப் பட்டியைச் சுற்றிக் காப்பிட்டார். ஆனால் சங்கிலி பழுதானபோது ஒரு கொல்லரிடம் போனார். தடைக்கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் பட்டை அடிக்கச் சொன்னார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அடைப்பை ஊசியால் குத்துவதில் தவறு நேர்ந்தாலும் இழப்பு இல்லை, மறுபடி முயலலாம். சங்கிலிக்கோ உலைக்களமும் சம்மட்டியும் வேண்டும். அவை அவரிடம் இல்லை. பிரேக் போனால் உயிர் போகும். நாம் கேட்க வேண்டிய கேள்விகளை அவர் அன்றே கேட்டுவிட்டார் எனலாம்.

ஐந்து கேள்விகள்

ஸ்பேனரை எடுக்குமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. பழுது இன்னது என்று உறுதியாகத் தெரியுமா? தெரியாவிட்டால் எதையும் கழற்ற வேண்டாம்.

2. தவறு நேர்ந்தால் போவது பணமா, உயிரா? பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் கசிவு ஆகியவை தேர்ந்தவர் கைக்கே உரியவை. வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் காரின் அடியில் படுக்கக் கூடாது.

3. தேவையான கருவி இருக்கிறதா? கருவி என்றால் ஸ்பேனர் மட்டும் அன்று. அளக்கும் கருவியும் சேர்த்துத்தான்.

4. செய்ததை மீட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா? பெல்ட்டைத் தவறாக மாட்டினால் மறுபடி மாட்டலாம். உடைந்த போல்ட் எஞ்சினுக்குள் சிக்கிக்கொண்டால்?

5. கணக்குக் கட்டுமா?

ஐந்தாவது கேள்விக்கு நிகழ்தகவு உதவும். இங்கே தரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்பவை. பிளக் மாற்ற மெக்கானிக் 800 ரூபாய் கேட்கிறார். நாமே செய்தால் 500. தவறாக மாட்டி மரையைக் கெடுத்துவிடும் வாய்ப்பு 20-இல் 1. கெட்டால் இழப்பு 2,000. சராசரியாக நம் செலவு 500 + 100 = 600. நாமே செய்யலாம். இனி ஹெட் கேஸ்கட். பட்டறையில் 10,000 ரூபாய். நாமே செய்தால் பொருளுக்கு 4,000. ஆனால் பழக்கமில்லாதவர் தவறும் வாய்ப்பு 4-இல் 1. தவறினால் இழப்பு 40,000. சராசரிச் செலவு 4,000 + 10,000 = 14,000. மலிவு என்று எண்ணியதே விலையுயர்ந்ததாகிவிட்டது! மெக்கானிக்கும் தவறலாம்தான். ஆனால் அவர் தவறினால் போய்க் கேட்க முடியும். நாம் தவறினால் யாரைக் கேட்பது?

கேஸ்கட் வேலை ஏன் அவ்வளவு கடினம்? சிலிண்டர் ஹெட்டின் அடிமுகம் ஏறக்குறைய ஒரு தலைமயிரின் கனத்துக்கு வளைந்திருந்தாலே கசியத் தொடங்கும். கண்ணால் அதைக் காண இயலாது. நேர்க்கோலும் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகளும் வைத்து அளந்து, வளைவு இருந்தால் லேத் பட்டறையில் இழைக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது நடுவிலிருந்து வெளிப்புறமாக, தயாரிப்பாளர் குறித்த வரிசையில், குறித்த முறுக்கத்துக்கு நட்டுகளை இறுக்க வேண்டும். அதை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வேண்டும். "நன்றாக இறுக்கிவிட்டேன்" என்பது அளவாகாது.

நம் பெரியப்பாவின் காரில் ஹெட் வார்ப்பிரும்பால் ஆனது. பின்னாளில் வந்த பெரும்பாலான கார்களில் ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஆகவே ஒரு முறை கொதித்தாலே எளிதில் வளைந்துவிடும். 2000-ஆம் ஆண்டை ஒட்டி நம் நாட்டுக் கார்களில் கார்புரேட்டர் மறைந்து, மின்னணு முறையில் பெட்ரோலைப் பீச்சும் அமைப்பு வந்தது. அவற்றில் பல பழுதுகளைக் கணினிக் கருவியை இணைத்துத்தான் படிக்க முடியும். 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் உற்பத்தியான அம்பாஸடரில் பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம் உண்டு. கற்றுக்கொள்பவருக்கு அது ஒரு நல்ல வகுப்பறை.

கழற்றிப் பார்த்தவர்

"அப்படியானால் எதையும் தொடாமல் இருப்பதே நல்லது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு (1893–1974) இளமையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உழைத்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கினார். வாங்கியதும் அவர் செய்தது அதை ஓட்டிக் காட்டியது அன்று. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மறுபடி பூட்டினார். பின்னர் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். நாளடைவில் பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தினார். அவர் கழற்றியது தம் சொந்த வண்டியை என்பதையும் கவனியுங்கள். பாட்டியை ஏற்றிப் போக வேண்டிய ஒரே காரில் முதல் சோதனை செய்யக் கூடாது. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய எஞ்சின் பாகங்கள் கிடைக்கும். உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு ஒரு பழைய கார்புரேட்டரோ மொபெட் எஞ்சினோ வாங்கி, ஆசிரியர் முன்னிலையில் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் வரிசையாகத் தாளில் வைத்து எண்ணிடுங்கள்.

திருத்தணிப் பக்கத்தவருக்கு இன்னொரு செய்தி. இவ்வூர் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை இன்றும் மிக அருகே. நகரியிலோ புத்தூரிலோ பழைய கார் வாங்குபவர்கள் உண்டு. வேறு மாநிலப் பதிவெண் உள்ள காரைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இம்மாநிலப் பதிவு பெற வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. பழுதான எஞ்சினை எடுத்துவிட்டு வேறு எஞ்சின் வைத்தாலோ, அதற்கு ஒப்புதல் பெற்றுப் பதிவுச் சான்றில் எழுத வேண்டும். எனவே வாங்கும்போதே எஞ்சினில் பொறித்த எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இதற்கு மெக்கானிக் வேண்டாம். ஒரு டார்ச் விளக்கு போதும்.

மலைச் சாலைக்குத் திரும்புவோம்

ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. எஞ்சின் ஆறிவிட்டது. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பெரியப்பா ஃபேன் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துகிறார். ஒன்று, ஒன்றரை செ.மீ. இறங்க வேண்டிய பெல்ட், மூன்று செ.மீ. இறங்குகிறது. தளர்ந்த பெல்ட் வழுக்கியிருக்கிறது. ஃபேனும் நீர் பம்பும் போதிய வேகத்தில் சுற்றவில்லை. டைனமோவைத் தாங்கும் போல்ட்டைத் தளர்த்தி, நெம்பி, பெல்ட்டை இறுக்குகிறார். நீங்கள் விளக்கைப் பிடிக்கிறீர்கள். பழுது தெரியும், கருவி உண்டு, தவறினாலும் மீட்கலாம். ஆகவே இது நம் வேலை. மெல்ல மூடியைத் திறந்து நீரும் நிரப்புகிறார்கள். கியரிலேயே, எஞ்சினை நிறுத்தாமல், மெதுவாகக் கீழே இறங்குகிறீர்கள்.

"பெல்ட் சரியாகிவிட்டது. நாளைக்கே பாட்டியை அழைத்துப் போகலாம்" என்கிறார் பெரியப்பா. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பெல்ட் காரணம்தான், ஆனால் கொதித்ததால் ஏதாவது விளைவு உண்டா என்று பார்க்க வேண்டாமா? அழுத்தம் அளக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் போகிறீர்கள். அவர் படித்துச் சொல்லும் எண்களை நோட்டில் எழுதுகிறீர்கள்: 9, 6, 6, 9. எண்ணெய் விட்டு அளந்தும் நடு இரண்டும் ஏறவில்லை. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கட் பிய்ந்திருக்கிறது என்பதை அவர் சொல்லுமுன் நீங்களே சொல்லிவிடுவீர்கள் அல்லவா?

இனி ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். கார் பட்டறையில் இருக்கட்டும். பாட்டி இந்த முறை வாடகைக் காரில் மலைக்குப் போகட்டும். பெரியப்பாவுக்கு வருத்தமாக இருக்கலாம். ஹெட்டைக் கழற்றும் அன்று அவரையும் கூட்டிக்கொண்டு, மெக்கானிக்கின் அனுமதியோடு பக்கத்தில் நின்று பாருங்கள்; கழற்றிய பழைய கேஸ்கட்டைக் கேட்டு வாங்குங்கள். எங்கே கருகியிருக்கிறது என்று பார்த்து, நோட்டில் நீங்கள் எழுதிய நான்கு எண்களோடு ஒப்பிடுங்கள்.